சப்பாத்து கழற்றாத இடம்

பெண் பார்க்க வருகிறவர்களைச் சப்பாத்து மியூசியத்துக்கு வரச் சொன்ன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அது அண்ணனின் யோசனை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதும் தெரியும்.

அக்காவின் இடது கால் வலது காலை விடக் கட்டை. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அந்த நேரம் ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை. எலும்பு தன்பாட்டில் ஒட்டிக்கொண்டது. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு ஒரு டொக்ரர் பார்த்து, இடது சப்பாத்தின் அடியில் உயரம் வைத்துக் கொடுக்க ஒழுங்கு செய்தார். அதைப் போட்டால் அக்கா நேராக நடப்பாள், பக்ரறியில் நாள் முழுக்க நின்று வேலையும் செய்வாள். நீளப் பாவாடை உடுத்தால் சப்பாத்தின் உயரமும் தெரியாது. கழற்றினால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள்.

எங்கள் சனம் கதவடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் மூன்று பேரும் இருந்த அப்பாட்மென்ரிலும் அதுதான் வழக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் சோபாவில் இருப்பார்கள். அக்கா வெறுங்காலோடு குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டு வருவாள். அந்தச் சின்ன வீட்டில் குசினிக்கும் சோபாவுக்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் பார்க்க வேண்டியதை அதற்குள் பார்த்துவிடுவார்கள். பலகாரத்தை வடிவாகச் சாப்பிட்டுவிட்டு, "பிறகு கோல் எடுக்கிறம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எடுக்க மாட்டார்கள். ஒருத்தி லிஃப்ற்றுக்குக் காத்து நின்றபடியே "நொண்டி" என்று சொன்னாள். எங்கள் கதவு இன்னும் சாத்தியிருக்கவில்லை. அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். பைப்பை இன்னும் கூடத் திறந்துவிட்டாள். நான் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணன்தான் பிடித்து நிறுத்தினான்.

அதற்குப் பிறகு மிசிசாகாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அவருடைய தமக்கைதான் எல்லாம் பேசினார். அண்ணன் கால் விஷயத்தைச் சொல்லவில்லை.

"முதல்லை ஆளைப் பாக்கட்டும். பிடிச்சாப் பிறகு சொல்லுவம்" என்றான்.

அண்ணன் அப்போது அந்த மியூசியத்தில் பின்னேரங்களில் கிளீனிங் செய்தான். வேலை செய்கிறவர்களுக்கு ஓசி ரிக்கெற் கொடுப்பார்கள்.

"கோயிலிலை கழட்டோணும், வீட்டிலை கழட்டோணும். அங்கை கழட்டத் தேவையில்லை. எங்கடை சனமும் வராது."

"அண்ணை, உனக்கு விசரே? அங்கை வாறவன் எல்லாம் காலைத்தான் பாப்பான்."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருக்கிறதைத்தான் பாப்பாங்கள். நீ வாயை மூடிக்கொண்டு வா."

அக்காவின் இடது சப்பாத்தின் பக்கத்தில் கறுப்புத் தோல் உரிந்து, உள்ளே இருந்த மண்ணிறம் தெரிந்தது. போகிறதற்கு முதல் நாள் அண்ணன் நிலத்தில் குந்தியிருந்து, கறுப்பு மார்க்கரால் அந்த இடத்தைத் தீட்டினான். மார்க்கரைப் பறித்து எறிய வேண்டும் போல எனக்கு இருந்தது. அவனுடைய முகத்தைப் பார்த்தேன், பறிக்கவில்லை.

அது ஏப்ரல் மாதம், மழை. சப்வேயில் போனோம். மாப்பிள்ளையும் தமக்கையும் காரை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்கள். மாப்பிள்ளை ஒல்லி. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தமக்கை பட்டுச் சேலைக்கு மேலே கோட் போட்டிருந்தார்.

"சப்பாத்துக்கும் ஒரு மியூசியமோ?" என்றார். "றோட்டிலை மனுசர் படுத்துக் கிடக்குதுகள்."

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அவர் சொன்னதால் வாயைத் திறக்கவில்லை.

மேல்மாடியில் ஒரு மண்டபம் முழுக்க ஒரே ஆளின் வேலையை வைத்திருந்தார்கள். பெரிய பேர் எடுத்த ஐரோப்பியர். நடிகைகளுக்கும் பணக்காரிகளுக்கும் சப்பாத்து வடிவமைத்தவர். மங்கின வெளிச்சம். ஒவ்வொரு சோடிக்கும் மேலே தனியாக ஒரு லைற். கீழே பால் நிறத்தில் தடிப்பான காப்பெற்.

தமக்கை அந்தக் காப்பெற்றைப் பார்த்தார், தன் ஈரச் சப்பாத்தைப் பார்த்தார். குனிந்து கழற்றிச் சுவரோரமாக வைத்தார். மாப்பிள்ளையும் உடனே கழற்றினார். பிறகு இரண்டு பேரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

"இஞ்சை கழட்டத் தேவையில்லை" என்றான் அண்ணன். குரல் கீச்சென்று வந்தது.

"வெள்ளைக் காப்பெற், தம்பி. ஆர் கழுவிறது?"

"நான்தான் கழுவிறனான். நீங்கள் போடுங்கோ."

காவலாளி ஓடிவந்து, சப்பாத்தில்லாமல் உள்ளே நிற்கக் கூடாது என்றான். சப்பாத்து மியூசியத்தில் அவனும் வேறு என்ன சொல்வான். தமக்கை முகம் சிவந்து திரும்பப் போட்டுக்கொண்டார். அண்ணனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தங்கத் தோலில், பட்டில், மீன் செதில் மாதிரி மினுங்குகிற துணியில் என்று விதம் விதமாக இருந்தன. ஒன்றில்கூட ஒரு மனிதர் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்ய ஏலாது. அக்கா ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றவள் பிறகு நகரவில்லை. அதில் அடி உயர்ந்த ஒரு சோடி இருந்தது. குதியும் அடியும் சேர்ந்து ஒரே கட்டி.

"என்ன எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

வாசித்துச் சொன்னேன். ஐரோப்பாவில் சண்டை நடந்த காலத்தில் தோலும் இரும்பும் கிடைக்கவில்லையாம். அதனால் போத்தல் மூடுகிற தக்கையை அடுக்கி ஒட்டி இப்படி அடி செய்தாராம். அதை எல்லாப் பெண்களும் விரும்பி வாங்கினார்களாம்.

"வடிவாய்த்தான் இருக்கு" என்றார் தமக்கை.

"உது என்ரை சப்பாத்திலை இருக்கிற சாமான்தான்" என்றாள் அக்கா.

பக்கத்தில் ஒரு வாங்கு இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்து இடது சப்பாத்தைக் கழற்றினாள். அண்ணன் "எடியேய்" என்றான். அவள் கேட்கவில்லை. அவன் மார்க்கர் தீட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினாள். மண்ணிறத் தக்கை தெரிந்தது.

"எங்கடை சண்டையிலை கால் முறிஞ்சு கட்டையாய்ப் போச்சு. இதைப் போட்டால் நேராய் நடப்பன். கழட்டினால் இப்பிடித்தான்."

மற்றதையும் கழற்றிவிட்டு அந்தப் பால் நிறக் காப்பெற்றில் நடந்து காட்டினாள். சாய்ந்து சாய்ந்து போனாள், திரும்பி வந்தாள். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தமக்கையைப் பார்த்தேன்.

"இதைச் சொல்லாமலோ எங்களைக் கூப்பிட்டனீங்கள்?" என்று அவர் அண்ணனைக் கேட்டார்.

"சொன்னால் வந்திருப்பியளோ?" என்று நான் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. வந்திருக்க மாட்டன்."

பொய் சொல்லாத மனுசி. அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளை குந்தி இருந்து அக்காவின் சப்பாத்தைக் கையில் எடுத்தார்.

"டேய், பொம்பிளையின்ரை சப்பாத்தைக் கையாலை தூக்காதை" என்றார் தமக்கை.

"விடு அக்கா. சனத்தின்ரை பெட்டி முழுக்கத் தூக்கிறன், இதுக்கென்ன." அவர் அதைக் கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஆனால் பாரம். இதோடையோ நாள் முழுக்க நிக்கிறீங்கள்?"

"ஓம். பக்ரறியிலை."

"வீட்டிலை?"

"வீட்டிலை கழட்டத்தானே வேணும்."

"கழட்டினால் இடுப்பு நோகாதோ?"

அக்கா அவரைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் ஒருவருமே அதைக் கேட்டதில்லை. "நோகும்" என்றாள்.

"அப்ப எங்கடை வீட்டிலை கழட்டாதேங்கோ."

தமக்கை, "அப்ப காப்பெற்?" என்றார்.

"காப்பெற்றை நான் கழுவிறன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காவலாளி திரும்ப வந்து அவளுடைய வெறுங்காலைக் காட்டினான். மாப்பிள்ளை சப்பாத்தை அவளுக்கு முன்னால் வைத்தார். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தக்கைச் சப்பாத்து இருந்த பெட்டியின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு ஊத்தையும் இல்லை.

கலியாணம் முடிந்ததும், வீட்டுக்குள் போட என்று அக்காவுக்கு இன்னொரு சோடி செய்வித்தார்கள். அது வெளியே போகாது. மிசிசாகாவில் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள், அக்கா சப்பாத்தோடு வந்து கதவு திறப்பதைக் கண்டுவிட்டு, இங்கே கழற்றத் தேவையில்லையாக்கும் என்று தங்களுடையதோடு உள்ளே வரப் பார்ப்பார்கள். மச்சாள்காரி, அதுதான் மாப்பிள்ளையின் தமக்கை, விட மாட்டார். குசினிக்குள் நின்றே சத்தம் போடுவார்.

"அது அவவின்ரை கால். நீங்கள் கழட்டுங்கோ."