நீலச் சட்டையில் உப்பு

அத்தை முதலில் காலரைத்தான் பார்ப்பாள். மூட்டையை அவிழ்த்ததும் ஒரு சட்டையை உதறி, காலரைப் புரட்டி, கட்டைவிரலால் அழுத்தி ஒரு தேய்ப்பு. பிறகு விரலைப் பார்ப்பாள். ஒன்றும் ஒட்டியிருக்காது. "என்னத்த வேலை பாக்குறாங்களோ!" என்று உதட்டைச் சுழிப்பாள்.

அத்தைக்குச் சலவைக்கடை. அனல்மின் நிலையம் ஓடிய காலத்தில் அங்கிருந்து வரும் காக்கிச் சீருடைகளைத் துவைத்தவள். இப்போது அதே இடத்தில் பசுமை மின்பூங்கா: சூரியத் தகடுகள், பேட்டரிக் கூடங்கள், கண்ணாடி அலுவலகங்கள். சீருடையும் கருநீலமாகிவிட்டது. வாரம் ஒரு மூட்டை.

கரிக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவளை நிறுத்த முடியாது. "நுரையே கறுப்பா வரும்டி, பாக்கணுமே!" தோளில் கரியா, சுமக்கிறவர். முழங்காலில் கிரீஸா, ஃபிட்டர். பெயர் எழுதாத சட்டையும் ஆள் மாறாமல் போய்ச் சேரும். என் அப்பாவின் சட்டைக்கு மட்டும் இரண்டு தடவை சோப்பு. "உங்கப்பன் வேணும்னே கரியில உருண்டுட்டு வருவான். கேட்டா, தங்கச்சிக்குப் பொழப்பு ஓட வேணாமாம்பான்."

நிலையத்தை மூடினார்கள். அத்தை கடையை மூடினாள். அப்பா இருமலோடு வீட்டில் உட்கார்ந்தார். அந்தக் கறுப்பு நுரையை நினைத்து எனக்கு ஏக்கம் வருவது சரிதானா? அப்பாவின் நெஞ்சில் இறங்கியதும் அந்தக் கரிதான், என் கல்லூரிக் கட்டணம் ஆனதும் அதுதான்.

பூங்கா வந்தபின் கடை மறுபடி திறந்தது. பெரிய இயந்திரம் வாங்கி, தெருப் பெண்கள் இருவரை வேலைக்கு வைத்தாள். எனக்கும் பூங்காவில்தான் வேலை, ஏசி அறையில். பூங்காவால் ஊருக்கு என்ன நன்மை என்று அறிக்கை எழுதுகிறேன். அத்தையின் கடை அதில் ஒரு வரி.

அந்த வரிக்குத்தான் இப்போது ஆபத்து. துணி அழுக்காவதே இல்லையே, மாதம் இரண்டு தடவை துவைத்தால் போதாதா என்று மேலாளர் கேட்டிருக்கிறார். நாளை காலை கடைக்கே வந்து பார்க்கப்போகிறார்.

"பாதி வேலை போனா ஒருத்திய நிறுத்தணும். எவளைப் போகச் சொல்ல?"

"நான் பேசிப் பாக்கட்டுமா அத்தை?"

"நீ பேசுனா அத்தைக்காகப் பேசுறான்னுவாங்க. சும்மா இரு."

வெயிலில் தகடு பொருத்துகிறவரின் சட்டை அத்தை கையில் இருந்தது. உதறியபோது முதுகுப்பக்கம் விரிந்தது. கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாக வளையங்கள். வியர்வை காய்ந்து படிந்த உப்பு.

கட்டைவிரலால் அதைத் தேய்த்து விரலைப் பார்த்தாள். "இத்தனை நாளா காலரையே நோண்டிட்டு இருந்திருக்கேன் பாரு, கிறுக்கி! கறுத்தாத்தான் அழுக்கா?" இயந்திரத்தில் துணியைத் திணித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "ஏய், நிறுத்துடி! இன்னைக்கு எதையும் நனைக்காத. நாளைக்கு அந்த மேலாளர் வந்து பாக்கட்டும்."

ஒவ்வொரு சட்டையாக முதுகு தெரியும்படி வாசல் கொடியில் மாட்டத் தொடங்கினாள். நடுவில் என் சீருடைச் சட்டை வந்தது. முதுகை விரித்தாள். வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு வளையம்கூட இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, அடுத்த சட்டையை எடுக்கக் குனிந்தாள்.