பக்கத்து வீட்டு ஷீட்டுக்கு அடியில்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. புயலில் எங்கள் கூரை பிய்ந்து போனது. தகர ஷீட் வாங்கிவந்து என் கணவரே போட ஏறினார். இடதுபக்க வீட்டில் சரியென்றார்கள். வலதுபக்க வீட்டு அண்ணன் விடவில்லை. அவர் கூரை பழைய சிமெண்ட் ஷீட். அதன் ஓரத்தைத் தூக்கி, எங்கள் தகரத்தை அடியில் செருகினால்தான் நடுச்சுவரில் மழைத்தண்ணீர் இறங்காது.

"என் போல்ட்டுல கை வச்சே, கைய ஒடச்சிடுவேன்" என்று கீழே நின்று கத்தினார்.

"தண்ணி உன் ஊட்டுலயும்தான் எறங்கும். இன்னா பேசற நீ?" என்றபடியே என் கணவர் ஸ்பேனரைத் திருகினார். துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. சுத்தியலால் தட்டினார். ஷீட்டின் ஓரம் உடைந்து தெருவில் விழுந்தது.

அந்த அண்ணன் தோணி தள்ளும் கழியோடு ஏணியில் ஏறினார். முதல் அடி முதுகில். அடுத்ததைத் தடுக்க என் கணவர் கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கீழே நின்ற எனக்கே கேட்டது. தடுமாறி, பின்னால் காலை வைத்தார். சிமெண்ட் ஷீட் தாங்கவில்லை. உடைந்த கூரையோடு அவர்கள் வீட்டுக்குள் விழுந்தார்.

இறங்கிவந்த அந்த ஆளின் காலைப் பிடித்து இழுத்தேன். தாடை ஏணிப்படியில் மோதி வாயெல்லாம் ரத்தம். என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அவர் கையைக் கடித்தேன், விடவேயில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி அலறினாள். "யோவ், அங்க இன்னாய்யா சண்ட? இங்க ஆளு சாவறாரு, ஓடியாங்க!"

ஓடினோம். இறால் கூடைமேல் கிடந்தார் என் கணவர். தொடை கிழிந்திருந்தது. அவள் தன் முந்தானையை அதில் அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த ஆள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். பிறகு தோளைப் பிடித்துத் தூக்கினார். நான் காலைத் தூக்கினேன். ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிவரை அவரும் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

தையல் போட்டு, கைக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வீடும் நனைந்தன.

மழை விட்டதும் அந்த அண்ணனே தகரம் வாங்கிவந்து கூரையில் ஏறினார். "அந்த ஓரத்தத் தூக்கிப் புடிம்மா" என்றார். பிடித்தேன். கட்டுப்போட்ட கையோடு கீழே நின்ற என் கணவர், "நல்லா இறுக்கச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அவரிடம் சொன்னேன். இறுக்கினார்.

ஆண்கள் இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அந்த ஆளின் குரல் கேட்டாலே எனக்குப் பல் நறநறக்கிறது. அவர் மனைவி மட்டும் வருவாள், போவாள்.