ஷீலா போடாத கையெழுத்து

தாம்பரம் பக்கம் கரியமில வாயு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் நம்பித் தொலைக்காதீர்கள். அந்தப் படத்துக்கான எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான்.

எங்கள் ஆபீஸ் வேளச்சேரி சாலையில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருக்கிறது. பூமியின் சூட்டைத் தணிக்கும் கம்பெனி. உள்ளே ஏ.சி. எப்போதும் பதினெட்டில் ஓடும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்வோம். தலைவர் கேஷவ், வெளிநாட்டில் படித்தவர். 'நம்ம பூமி' என்று சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். நல்லதுதான், திறந்திருந்தால் வாசலில் நிற்கும் அவருடைய பெரிய டீசல் வண்டி தெரிந்துவிடும்.

வேலை இதுதான். சேலையூரிலிருந்து பள்ளிக்கரணை வரை நானூறு வீடுகளைப் பொறுக்கி எடுத்திருந்தோம். வருஷா வருஷம் அதே நானூறு வீட்டுக்குப் போய், சிலிண்டர் எத்தனை, கரண்ட் எத்தனை யூனிட், வண்டிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்க வேண்டும். அதிலிருந்து மொத்தப் பகுதியின் புகையைக் கணக்கிட்டு வருஷங்களை வரிசையாக வைத்தால், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். கேட்டு வருகிறவள் ஷீலா.

ஷீலா அகரம்தென் ஊர்க்காரி. பத்தாவது பாஸ். புருஷன் அன்புக்கு மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கேண்டீனில் வேலை. போலியோ சொட்டு மருந்து, ரேஷன் கார்டு சரிபார்ப்பு, வாக்காளர் பட்டியல் என்று இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் வீடு வீடாக எது எண்ணப்பட்டாலும் அதில் அவள் கால் பட்டிருக்கும். தெருநாய்கள்கூட அவளைப் பார்த்துக் குரைக்காது. போன வீட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி போடுவாள். பூட்டியிருந்தால் மூன்று தரம் போவாள், பக்கத்து வீட்டில் விசாரிப்பாள், அப்புறம்தான் 'பூட்டிய வீடு' என்று எழுதுவாள். படிவத்தின் அடியில் 'நேரில் பார்த்தேன்' என்று ஒரு வரி, அதன் கீழே அவள் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எந்த மேலதிகாரியும் மறுபடி போய்ச் சரிபார்ப்பதில்லை என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். கையில் வேறு சொத்து இல்லாதவர்களுக்கு இப்படி ஒரு பெருமை வந்துவிடுகிறது என்று நான் மனசுக்குள் சிரித்திருக்கிறேன். சிரித்த வாயில் மண்ணைப் போட வேண்டும்.

இரண்டாம் வருஷம் ராஜகீழ்ப்பாக்கத்தில் லக்ஷ்மிநாராயணன் என்ற ரிட்டயர்டு வாத்தியாரின் தனி வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் பன்னிரண்டு ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். லிஃப்ட், ஜெனரேட்டர், தினமும் தண்ணி லாரி. ஷீலா பன்னிரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கி எழுதிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டரிலோ ஒரு எண்ணுக்கு ஒரு வீடுதான் ஏறும். 'இடித்துவிட்டார்கள்' என்று சொல்லவும் கட்டமில்லை. கேஷவ் ஊரில் இல்லை. வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று 'பூட்டிய வீடு' என்று அமுக்கினேன். புகை பூஜ்யம் என்று தானாக விழுந்தது. கேட்கவும் மறந்துபோனேன். அந்த வருஷம் அப்படி ஏழு வீடு.

கேஷவ் திரும்பி வந்து கோடு லேசாக இறங்கியிருப்பதைப் பார்த்தார். என்னைத் தட்டிக்கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதே வீடுகள் என்பதுதானே நம்ம மெத்தட், புது வீடெல்லாம் நம்ம லிஸ்ட்லயே இல்லையே" என்றார். என் முட்டாள்தனம் அன்றிலிருந்து விஞ்ஞானமாகிவிட்டது.

அப்புறம் இந்தப் பக்கத்தில் இடிப்பதற்கா பஞ்சம்? நான்காம் வருஷத்தில் அறுபத்தொரு வீடு போயிருந்தது. ஒவ்வொன்று இடியும்போதும் அங்கே பத்துக் குடும்பம் குடிவந்தது, எங்கள் கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. லக்ஷ்மிநாராயணன் அதே மனையில் இரண்டாவது மாடியில் மூன்று ஏ.சி.யோடு உட்கார்ந்து ஷீலாவுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் அறிக்கைப்படி அந்த ஆள் மூச்சுகூட விடுவதில்லை. புகை பதினான்கு சதவீதம் குறைந்தது என்று அறிக்கை தயாரானது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தார்கள்.

கடைசியில் ஒரு காகிதம் மட்டும் பாக்கி. களத்துக்குப் போனவர் இந்த நானூறு வீட்டு விவரத்தையும் நேரில் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஷீலாவைக் கூப்பிட்டார்கள். அவள் நின்றபடியே பட்டியலைப் புரட்டினாள். இடித்துக் கட்டிய இடங்களில் அவள் ஏறி இறங்கி எழுதிக் கொடுத்ததெல்லாம் பூட்டிய வீடாகக் கிடந்ததை அன்றுதான் பார்த்தாள்.

"இந்த வூடெல்லாம் தொறந்துதான் சார் கீது. நா உள்ள போய் ஒக்காந்து எழுதிக்கினு வந்தேன்" என்றாள்.

கேஷவ் பொறுமையாக விளக்கினார். வரையறை என்றார், மாதிரிக் கணக்கு என்றார். இது வெறும் ஃபார்மாலிட்டி என்றார். மாட்டேன் என்றால் அடுத்த வருஷம் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். ஷீலா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். பார்க்காததைப் பார்த்தேன் என்றும், பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும் போட்டால், இதுவரை போட்டதெல்லாம் பொய்யாகிவிடும் என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கேஷவ் அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்தார். இதுவும் அறிக்கையோடு அச்சுக்குப் போக வேண்டும், பார்த்துக்கோங்க என்றார். போடு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவு கெட்டிக்காரர். நாலு வருஷமாகப் பார்த்த கையெழுத்து. ஒரே தடவையில் அச்சு அசலாக வந்தது. நாய் விற்ற காசு குரைக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விழாவன்று காலை கேஷவ் முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டார். அச்சான அறிக்கையின் அறுபது பிரதிகளை ஒரு மணிக்கு நான் ஆட்டோவில் கொண்டுபோக வேண்டும். பதினொரு மணிக்கு ஷீலா அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். மேஜையில் அடுக்கியிருந்த புத்தகத்தில் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். அச்சாகியிருந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இத யாருண்ணா போட்டது?"

நான் சிஸ்டம், ஸ்கேன் என்று ஏதோ உளறினேன்.

"சிஸ்டத்துக்குக் கை கீதாண்ணா?"

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பேனாவையே எடுத்து அந்தக் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள். 'இது என் கையெழுத்து இல்லை. இந்த அறுபத்தொரு வீடும் பூட்டியில்லை, ஜனம் குடியிருக்கிறது.' தேதி போட்டாள், நேரம் போட்டாள். அடுத்த புத்தகத்துக்குக் கையை நீட்டினாள்.

எடுத்துக் கொடுத்தேன். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கேஷவைக் கூப்பிட்டிருக்கலாம், புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். இரண்டும் செய்யாததை நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாதவன் அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது புத்தகத்தில் பேனா நின்றது. தான் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். படிவத்தில் ஏதோ விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"போட்டவங்க பேர எழுதல. உன் முழுப் பேரு சொல்லுண்ணா."

ஜெயவேலு என்றேன்.

"அப்பா பேரு?"

கதவைத் தட்டிக் கேட்கிற அதே குரல். அதில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கோவிந்தசாமி என்றேன். முதல் இரண்டு புத்தகத்தையும் திரும்ப வாங்கி, அதிலும் சேர்த்தாள். 'போட்டவர்: கோவிந்தசாமி மகன் ஜெயவேலு' என்று அறுபது பிரதியிலும் எழுதினாள். ஒன்றில்கூட எழுத்து கோணவில்லை.