மருதாயியிடம் மிச்சமிருந்த ஒரு புள்ளி

ரப்பர் தூளின் வாசனை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? பென்சிலில் எழுதியதை அழித்து அழித்துத் தாள் மெலிந்து போய், மேஜையெல்லாம் கறுப்புத் துகளாகக் கிடக்குமே...

எனக்கு அந்த வாசனை வந்தால் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வராது. கீரனூரில் ஜோசபின் வீட்டு ஹால்தான் வரும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருச்சியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலை. கீரனூரிலிருந்து தினமும் காலை ஏழே கால் பஸ். ஜோசபினும் செந்திலண்ணனும் அதே பஸ்ஸில் பழக்கமானவர்கள். ஜோசபின் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து படிப்போடு ஒரு விளையாட்டையும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

போர்டு கிடையாது, காய் கிடையாது. அவள் கதை சொல்வாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்று டைஸ் தீர்ப்புச் சொல்லும். லூடோ டப்பாவில் இருந்து எடுத்த டைஸ்தான்!

நான் மருதாயி, கோட்டைக் காவல்காரி. செந்திலண்ணன் வைத்தியர் பொன்னையா. அவரவர் பாத்திரத்தின் திறமைகளையும் அதற்கான எண்களையும் ஆளுக்கொரு தாளில் பென்சிலால் எழுதி வைத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்.

ஆட்டம் முடிந்ததும் ஜோசபின் அனுபவப் புள்ளி கொடுப்பாள், எக்ஸ்பி என்று. ஐந்து புள்ளி செலவழித்தால் ஒரு திறமையை ஒரு படி ஏற்றலாம். ஆனால் அவள் வீட்டு ஆட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. மருதாயி இதில் எப்படிக் கெட்டிக்காரி ஆனாள், எங்கே கற்றாள் என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பழைய எண்ணை அழிக்க ரப்பரைத் தொடலாம்.

அங்கேதான் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் யாராவது "ஒங்க புள்ள நல்லாப் படிக்குதாமே" என்றால், அம்மா "அட நீங்க வேற, ஏதோ படிக்குதுங்க" என்று மழுப்பிவிட்டு, சாயங்காலம் உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார். அப்படி வளர்ந்தவள் நானே என்னைக் கெட்டிக்காரி என்று சொல்வதா? மருதாயிக்குக் கண் பட்டுவிடும் என்று பயந்தேன். சிரிக்காதீர்கள்... நிஜமாகவே பயந்தேன்.

அந்தப் பயம் ஆட்டத்தோடு நிற்கவில்லை. அதே வருஷம் ஆபீசில் சீனியர் போஸ்ட்டுக்கு இன்டர்வியூ வைத்தார்கள். "உங்களைப் பத்தி சொல்லுங்க" என்றார்கள். பேர், ஊர், டிகிரி... அதோடு சரி. எனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த இடம் போனது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கீரனூர் வரைக்கும் அழுதேன். ஆறு மாதத்தில் மறுபடி ஒரு இன்டர்வியூ உண்டு என்றார்கள்.

புள்ளி மட்டும் சேர்ந்துகொண்டே போனது. பதினெட்டு, இருபத்து நாலு, முப்பத்தொன்று...

"ஏம் புள்ள, இதச் சேத்து வச்சு வீட்டுக்கு மாடி எடுக்கப் போறியா?" என்பார் செந்திலண்ணன்.

"பின்னாடி ஆகும்ண்ணே" என்பேன்.

ஒரு ஞாயிறு, மலைக்குகை வாசலில் பொன்னையா பள்ளத்தில் வழுக்கி விழுந்தார். மருதாயி கயிறு வீச வேண்டும். டைஸில் விழுவதும் திறமையும் சேர்ந்து ஆறு வந்தால் பிழைப்பார். எனக்கு மூன்று விழுந்தது. கயிறு வீசும் திறமையோ, முதல் நாள் எழுதிய அதே ஒன்று. இரண்டு படி ஏற்றி வைத்திருந்தால் போதும்.

பொன்னையா செத்துப் போனார்.

செந்திலண்ணன் பொன்னையாவின் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அஞ்சு மாசம் ஆசை ஆசையாக வளர்த்த ஆள். "முப்பத்தொரு புள்ளிய மடியில வச்சுக்கிட்டு என்னையச் சாக விட்டுட்டியே புள்ள" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

எனக்கு அந்த வாரம் பூராவும் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனதும் போகாததுமாக, "முப்பத்தொண்ணுல முப்பதச் செலவழிக்கப் போறேன்" என்றேன். ஜோசபின் ரப்பரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல சொல்லு. கயிறு வீச மருதாயி எங்கடி கத்துக்கிட்டா?"

"கெணத்துல... வாளி விழுந்துருச்சுன்னா அவதான் எடுப்பா. கொக்கி வச்ச பாதாளக் கரண்டிய கயித்துல கட்டி வீசி வீசிக் கை பழகிருச்சு. தெருவுல யாரு வீட்டு வாளி விழுந்தாலும் அவளத்தான் கூப்புடுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அது மருதாயி இல்லை, நான்.

அப்புறம் வாய் நிற்கவில்லை. ஆறு படிக்கு ஆறு கதை. பொன்னையாவின் தம்பியாகப் புது வேஷம் கட்டி வந்திருந்த செந்திலண்ணன், "எங்க அண்ணன் ஆத்மா இப்பத்தான் சாந்தியடைஞ்சுச்சு" என்றார். தாளின் ஓரத்தில் ஜோசபின் 'மிச்சம் 1' என்று எழுதினாள்.

இரண்டாவது இன்டர்வியூவிலும் அதே கேள்விதான் வந்தது. எனக்கு ஜோசபின் குரலில் கேட்டது. "மூணு மாசத்துப் பழைய ஃபைல் குவிஞ்சு கெடந்துச்சு சார். நான்தான் பிரிச்சு அடுக்குனேன். எப்படிக் கத்துக்கிட்டேன்னா..." என்று ஆரம்பித்தேன். அவர்களே போதும் என்று சொல்லும் வரைக்கும் நிறுத்தவில்லை.

வேலை கிடைத்தது. அம்மா சுற்றிப் போட்டார்.

இப்போது நான் சென்னையில். ஜோசபின் பெங்களூரில், செந்திலண்ணன் கத்தாரில். என் மகன் போனில் விளையாடுகிறான். லெவல் தானாக ஏறுகிறது, எங்கே கற்றாய் என்று அவனை யாரும் கேட்பதில்லை. குறை சொல்லவில்லை... எனக்குக் கேட்க இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் அந்தத் தாள் பழைய ஃபைலில் இருந்து கிடைத்தது. போட்டோ எடுத்து எங்கள் மூவர் குரூப்பில் போட்டேன். "அந்த ஒண்ணையும் மாடி எடுக்கவா வச்சுருக்க?" என்று செந்திலண்ணன் வாய்ஸ் அனுப்பினார். ஜோசபினோ, "ஒரு புள்ளிக்கு ஒண்ணும் வராதுடி. ஒனக்காகத் தள்ளுபடி தாரேன். ஆனா சட்டம் சட்டந்தான், எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றாள்.

சொல்கிறேன். தன்னைப் பற்றித் தானே நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லும் திறமை, ஒரு படி. எங்கே கற்றாள்? கீரனூரில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, உங்கள் இரண்டு பேரிடமும்.

ரப்பரைத் தொடலாமா, ஜோசபின்?