சுட முதல் பங்கு போட்ட மான்

கனடாவிலை மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுக்கிறது சுகம். சொந்தக்காரருக்குத் தெரியாமல் எடுக்கிறதுதான் கஷ்டம். என்னைப்போலை நவம்பர் குளிரிலை மரத்துக்கு மேலை கட்டின பலகையிலை குந்தியிருந்து, மூக்கு விறைச்சு, வெறுங்கையோடை வீடு திரும்பின ஆக்களுக்கு இது விளங்கும். போன சீசன்களிலை நான் வீட்டை கொண்டுவந்தது தடிமனும் தும்மலும் மட்டும்தான். இந்த முறையும் மான் இல்லையெண்டால் துவக்கை விக்கோணும் எண்டு மனுசி மாலினி முடிவாய்ச் சொல்லிப்போட்டா. வருசம் முழுக்க வெயர்ஹவுசிலை பெட்டி தூக்கிறவனுக்கு அந்த ஒரு கிழமைக் காடுதான் சீவன். அதுவும் போனால் நான் எங்கை போறது?

பங்கு

ஸ்ரௌவ்வில்லிலை சொந்தக்காரர் வீட்டிலை ஒரு பிறந்தநாள் பார்ட்டி. சகலன், அதுதான் மாலினியின்ரை அக்காவின்ரை புருசன், நான் வேட்டைக்குப் போறதை எல்லாருக்கும் அறிவிச்சார். பங்கு இறைச்சி எண்டால் எங்கடை சனத்துக்குச் சொல்லவே வேணும்! ஊரிலை ஆட்டை அடிச்சுப்போட்டுத்தான் பங்கு போடுவினம். இஞ்சை காட்டிலை ஆறுதலாய் மேஞ்சுகொண்டு நிண்ட மானுக்கு, கேக் வெட்ட முதலே பங்கு போட்டாச்சு. மான் இறைச்சி விக்கிறது சட்டப்படி பிழை எண்டு சொன்னன். அப்ப சும்மா கிடைக்கும் எண்டு இன்னும் நாலு பேர் சேர்ந்தினம். சகலன் பியரை மேசையிலை வைச்சார்.

"ஈரல் எனக்கு, அதிலை கதையில்லை. நீர் சுடேக்கை ஈரலிலை படாமல் சுடும்."

மணம்

வேட்டையிலை என்ரை கூட்டாளி தவம் அண்ணை. சென் ஜேம்ஸ் ரவுணிலை பக்கத்துப் பக்கத்து அப்பார்ட்மெண்டிலை இருந்த நாளிலையிருந்து பழக்கம். மானுக்கு மோப்பம் பொல்லாதது எண்டு நான் மணமில்லாத சவர்க்காரத்திலை குளிச்சு, உடுப்பை வெளியிலை தொங்கவிட்டு, ஒரு மாப்பிளை மாதிரி ஆயத்தப்பட்டன். முதல் நாள் விடிய எழும்பினால், காட்டோரம் நாங்கள் வாடகைக்கு எடுத்த கபின் முழுக்கப் புகை. அண்ணை கருவாடு பொரிக்கிறார், கொண்டுவந்த முழுப் பையையும்! நாளைக்குக் கந்தசஷ்டி விரதம் துவங்குதாம், ஆறு நாளைக்கு மச்சம் மாமிசம் தொடேலாதாம், அதாலை இண்டைக்கே முடிக்கோணுமாம். அண்டைக்கு மானை விடுங்கோ, ஒரு அணில்கூட அந்தப் பக்கம் வரேல்லை.

"ஏன் தம்பி, கனடா மானுக்குக் கருவாடு பிடிக்காதோ?"

கும்பிடு

அடுத்தநாள் நல்ல கொம்போடை ஒரு மான் தவம் அண்ணையின்ரை மரத்தடியிலை வந்து நிண்டுது. என்ரை பக்கத்திலையிருந்து பாத்தால் இடையிலை மரங்கள், சுடேலாது. சுடுங்கோ, சுடுங்கோ எண்டு மனசுக்குள்ளை கத்துறன். மனுசன் துவக்கை மடியிலை வைச்சிட்டு, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்! மானும் ஆசீர்வாதம் செய்துபோட்டு நடந்து போச்சு. எனக்கு வந்த விசரைக் கேக்காதேங்கோ. விரதமெண்டால் பிறகேன் காட்டுக்கு வந்தனீங்கள் எண்டு பாய்ஞ்சன்.

"லீவு போட்டாச்சு தம்பி, அதை வீணாக்கலாமே?"

வாசல்

சஷ்டி எண்டதை நான் அண்ணையின்ரை சொந்தப் பிரச்சினை எண்டுதான் நினைச்சன். கடைசி நாள் காலமை எனக்கு யோகம் அடிச்சுது. ஒரே வெடி, மான் விழுந்திட்டுது. சொல்ல வெக்கமில்லை, சந்தோசத்திலை அழுதிட்டன். ஸ்காபரோவிலை, ரூஜ் பக்கம் இருக்கிற எங்கடை வீட்டு வாசலிலை வானை நிப்பாட்டி, கலியாண வீட்டுக்காரன் மாதிரி ஹோர்ன் அடிச்சன்.

கதவைத் திறந்தா மாலினி. தோய்ஞ்ச தலை, நெத்தியிலை திருநீறு, கையிலை பால் கிளாஸ். அவவும் சஷ்டி விரதம்! சொல்லியிருக்கலாமே எண்டன். நான் வெளிக்கிடேக்கையே சொன்னவவாம், நான்தான் தோட்டாப் பெட்டிக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிண்டனாம். பங்குக்காரர் எல்லாருக்கும் போன் அடிச்சன். எல்லா வீட்டிலையும் பால், பழம், முருகா. சகலனும் விரதம், ஆனால் ஈரலை ஐசிலை வைக்கட்டாம். மாலினி வானுக்குள்ளை கிடந்த மானை எட்டிப் பாத்தா, என்னையும் பாத்தா, பாலை ஒரு மிடறு குடிச்சா.

"துவக்கை வைச்சிருங்கோ, அடுத்த வருசமும் போங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்; உந்த மானை மட்டும் வீட்டுக்குள்ளை கொண்டு வராதேங்கோ!"

ஒரு கிழமையாய்க் காட்டிலை மான் தேடினது ஒண்டுமில்லை, வானுக்குள்ளை மானை வைச்சுக்கொண்டு ஸ்காபரோ முழுக்க, அதை இறக்கிவைக்க விரதம் பிடிக்காத ஒரு தமிழ் வீடு தேடினன் பாருங்கோ, அதுதான் வேட்டை.