மூலையில் ஒட்டிய காந்தம்

எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், சிரிப்பாள். அதுதான் பயம். எவர்சில்வர் சிங்க் செய்யும் பட்டறை எங்களுடையது. தகட்டை பிரஸ்ஸில் அழுத்துவது அண்ணன், பாலிஷ் போடுவது நான், பேரம் பேசி விற்பது அண்ணி.

எதிர்ப் பட்டறைச் சொட்டை இருக்கிறானே, பாவி, ஒரு நாள் எங்கள் வாசலில் நின்ற ஓட்டல்காரர் முன்னால் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து எங்கள் சிங்க்கின் உள்மூலையில் வைத்தான். ஒட்டியது.

"பாத்தீங்களா? நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டுமா? கலப்படம்!"

ஓட்டல்காரர் அண்ணியைத் திருடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதும் வயிறு எரிகிறது. தட்டையாக இருக்கும்வரை அந்தத் தகட்டில் காந்தம் ஒட்டாதுதான். பிரஸ் அதைக் குழியாக இழுக்கும்போது, எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கே உலோகத்தின் உள்ளமைப்பே மாறி, காந்தம் பிடித்துக்கொள்ளும். கலப்படமாவது கத்தரிக்காயாவது! சொட்டைக்கு இது தெரியாதா? அவனுக்கும் அதே தகடு, அதே மாதிரி பிரஸ்தான்.

அண்ணி காத்திருந்தாள். ஆலை கேன்டீனுக்குச் சொட்டை சிங்க் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்ததும் ஒரு காந்தம் வாங்கி வந்தாள்.

"வேணாம்டி," என்றான் அண்ணன். "அவன் சொன்னது பொய்னு நாலு பேர்கிட்ட எடுத்துச் சொல்லு, போதும். இது தன் மூக்கை அறுத்துக்கிட்டு எதிரிக்குச் சகுனத்தடை பண்ற கதை."

"சொன்னா எவன் கேக்குறான்? அவன் குடுத்ததை அவனுக்கே திருப்பிக் குடுக்கிறேன்."

நான் அண்ணி பக்கம்தான். கேன்டீன் மேனேஜர் கையில் காந்தத்தைக் கொடுத்து, "மூலையில வெச்சுப் பாருங்க சார், கலப்படம் தானா தெரியும்" என்று அவள் சொன்னபோது நானும் கூட இருந்தேன். சொட்டையின் சிங்க்குகள் மொத்தமும் திரும்பி வந்து அவன் வாசலில் குவிந்தன. எனக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. ஆர்டரும் எங்களுக்கே வந்தது. கையில் இருந்ததையெல்லாம் தகட்டில் போட்டு அண்ணன் செய்து முடித்தான்.

சரக்கு எடுக்க வந்த மேனேஜர் பையிலிருந்து எடுத்தது அண்ணி கொடுத்த அதே காந்தம். மூலையில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"சார், இது கலப்படம் இல்ல. பிரஸ்ல இழுபட்டா அப்படித்தான் ஒட்டும்."

"அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களேம்மா?"

அண்ணியின் முகம் செத்துப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சொட்டையைக் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லேன்! சொன்னா உன் பேரும் தப்பிக்கும்!"

அவன் எங்களைப் பார்த்தான். இத்தனை நாள் வாசலில் மழையில் நனைந்தும் துருப்பிடிக்காமல் பளபளத்துக் கிடந்த தன் சிங்க்குகளையும் பார்த்தான்.

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றான் அண்ணியிடம். "நான் கலப்படக்காரன்தானே."