மேரியக்காவின் எஞ்சின்

நாங்கள் நான்கு இடங்களில் வாங்கியிருந்த கடனையும் ஒரே கடனாக்கித் தருவதாகச் சொன்ன யாழ்ப்பாணக் கம்பெனியில் ஒரு மணி நேரம் பேரம் பேசி, மாதத் தவணையைக் குறைத்துவிட்டேன். என் கணவர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகமுடியாத மாதங்களில் தவணைக்கு என்ன செய்வீர்கள் என்று மட்டும் அவர்களிடம் கேட்கவில்லை. எழுவைதீவில் என் பக்கத்து வீட்டு மேரியக்கா, என்னை நம்பி, வாசிக்காமலே பிணைக்குக் கையெழுத்து வைத்தார்.

கடல் கொந்தளித்து என் கணவர் தொழிலுக்குப் போகாததால் இரண்டு தவணைகள் தவறின. கம்பெனிக்காரர் மேரியக்காவிடம் போனார்கள். இறந்துபோன தன் கணவரின் படகு எஞ்சினை விற்று அவர் கட்டினார்.

"அழாதையும். அது சும்மாதானே கிடந்தது," என்றார்.

சும்மா கிடக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, எண்ணெய் போட்டுத் துடைப்பார்.

இப்போதும் ஞாயிறுகளில் எஞ்சின் இருந்த அந்த வெறுங்கொட்டிலுக்குள் போய் நிற்கிறார். நான் யன்னலைச் சாத்திவிடுகிறேன்.